காட்டில் நிற்கும் பூவரசு

"எங்கட வீட்டு வளவுப் பூவரசுக்குக் கவுண்மேந்து நம்பர் போட்டிருக்கு, மச்சான்."

பனிச்சங்கேணி வாவியைத் தோணி பாதி கடந்தபோது, என் முதுகுக்குப் பின்னால் கேட்டது. சொன்னவர் கடலோரச் சிறுகாட்டின் காவற்காரர். கேட்டவர் மடியில் நனைந்த வலை.

"வளவு மரத்துக்கு என்னத்துக்கு நம்பர்?"

"அது காட்டுக்குள்ள நிக்கிது. உள்ள போகக்குள்ள ஒரு கொப்பு முறிச்சி, பெரிய வீரை மரத்தடியில வச்சிக் கும்பிட்டுத்தானே போவம்? இப்ப காட்டுல இலையும் பிடுங்கப்படாதெண்டு சட்டமாம். காவல்காரன் நானே முறிக்கேலுமா? வளவுலயிருந்து பூவரசங்கொப்பு ஒண்டு கொண்டுபோய் அந்த வீரையடியில ஊண்டினன்."

"மறுகா?"

"மாரி மழைக்கு வேர் விட்டு, மரமாகிட்டு. வன இலாகாத் துரை வந்து மரங்களை எண்ணக்குள்ள அதுக்கும் நம்பர் தகடு அடிச்சிட்டார்."

துடுப்பு ஓசையின்றி இறங்கி எழுந்தது. எதிர்க்கரைக் காடு தண்ணீரில் தலைகீழாக மிதந்தது.

"வளவுல நிண்ட தாய்மரம்?"

"போன வெள்ளத்தோட சரிஞ்சிட்டு."

வலைக்காரர் மடியிலிருந்த வலையை உதறினார்.

"அப்ப இப்ப கும்பிடக் கொப்புக்கு எங்க போறாய்?"

"கொப்பு என்னத்துக்கு? நான் போக முந்தியே, வீரையடியில அந்தப் பூவரசே ஒரு பூவைப் போட்டு வச்சிருக்கும்."