ஆவுடைச்சி கல்லு ஏன் நடுவுல இல்லை

கேக்குறவுக காதைக் குடுங்க, சிரிக்கிறவுக சிரிப்பைக் கடைசிக்கு வச்சுக்கோங்க. ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முந்தி, இதே ஊரணிக் கோளுல, இந்தச் சபையும் கெடையாது, இத்தனை கொடியும் கெடையாது. இன்னைக்கு இத்தனை உலகமும் சேந்த கூட்டணிக்கு இதுதான் தாய்வீடுங்கிறோம். அன்னைக்கு இது வெறும் பொட்டல். பூமியிலேருந்து வந்த சனம் நட்ட வாழையும் ஒரே ஒரு ஊத்தும்தான் இருந்துச்சாம். ஊத்து இருந்ததாலதான் ஊரணின்னு பேரே. செங்காடு, பனிக்கரைங்கிற ரெண்டு உலகத்துக்கும் நடுவுல தண்ணி உள்ள கோளு இது ஒண்ணுதான். எப்பேர்ப்பட்ட கப்பலும் இங்க எறங்கித் தண்ணி புடிக்காமப் போக முடியாது.

அந்தப் பொட்டல்ல ரெண்டு எறங்குகளம், நடுவுல ஒரு வேலி. கிழக்குக் களம் ஆவுடைச்சிக்கு, மேக்குக் களம் பூரணத்துக்கு. அண்ணன் தம்பியைக் கட்டுன ஓரகத்திக. ஆவுடைச்சி மூத்தவ, எங்க வழிக்கு ஆதி அவதான். பூரணம் இளையவ. புருசன்மாரு சரக்குக் கப்பல்ல போனா வருசத்துல பாதி வானத்துலதான் இருப்பாக. மாமனாரு பாகம் பிரிக்கையில மூத்தவளுக்கு ஊத்தையும் இளையவளுக்கு நெல்லு வயலையும் குடுத்தாராம். ஒருத்திகிட்ட ஒருத்தி கேட்டு வாங்கிப் பொழைக்கட்டும்னு நெனச்சாரோ என்னமோ. ஆவுடைச்சி குழாய் போட்டு இளையவ களத்துக்கும் தண்ணி விட்டா. ஆனா நெல்லு வேணும்னு போய் நிக்கமாட்டா. கொல்லையில கெழங்கு போட்டு அவிச்சுத் தின்னுக்குவாளாம். அம்புட்டு வீம்பு.

வந்த கப்பலெல்லாம் எங்க எறங்கும்? பூரணம் களத்துல. போற கப்பலெல்லாம் எங்கேருந்து போகும்? பூரணம் களத்துலேருந்து. ரேடியோவுல அவ குரல் கேட்டாப் போதுமாம். "வாங்கய்யா வாங்க, சோறு சூடா இருக்கு, பாத்து எறங்குங்க"ம்பா. பெத்த தாய் கூப்புட்ட மாதிரி இருக்குமாம். ஆவுடைச்சி களத்துலயும் விளக்கு இருந்துச்சு, ரேடியோ இருந்துச்சு. ஆனா அவ எடுத்த எடுப்புல, "யாரது? என்ன வேணும்?"னு கேப்பா. கேட்டவன், "ஒண்ணுமில்ல தாயி, தெரியாம இந்தப் பக்கம் வந்துட்டேன்"னு சொல்லி மேக்க திருப்பிருவானாம்.

அதைக்கூடப் பொறுத்துக்கிட்டா. இன்னொண்ணைத்தான் அவளால பொறுக்க முடியலை. தண்ணியைக் குடிச்ச கப்பல்காரன் வானத்துல ஏறிக்கிட்டே ரேடியோவுல என்ன சொல்லுவான்? "பூரணம் தண்ணி மாதிரி இனிப்பா எங்கயும் குடிச்சதில்லைப்பா." பூரணம் தண்ணியாம்! அந்த நாளையில எந்த உலகத்துல போய்க் கேட்டாலும் இதுக்குப் பூரணம் தண்ணின்னுதான் பேராம்.

ஆவுடைச்சிக்கு வயிறு பத்திக்கிட்டு எரியும். "ஊத்து எவளுது? குழாய் எவ போட்டது? பேரு மட்டும் எவளுக்கு?"ன்னு அவிச்ச கெழங்கை உரிக்காமயே கடிப்பாளாம். இருந்தாலும் ரேடியோவை அமத்தமாட்டா. எந்தக் கப்பல் பூரணத்தைக் கூப்புடுது, என்ன சொல்லிப் புகழுதுன்னு காலையிலேருந்து கேட்டுக்கிட்டே இருக்குறதுதான் அவளுக்குச் சோலி. பொறாமைக்காரிக்கு அது இல்லாமப் பொழுது போகாது, பாத்துக்கோங்க.

அந்தக் காலத்துல செங்காட்டுக்கும் பனிக்கரைக்கும் சண்டை. எதுக்குச் சண்டைன்னு ரெண்டு பக்கத்துலயும் எவனுக்கும் சரியாத் தெரியாது. எவன் வீட்டு விசேசத்துலயோ எவனுக்கோ மொத மரியாதை குடுக்கலைன்னு ஆரம்பிச்சுதும்பாக. கண்ட எடத்துல சுட்டுக்கிட்டாகளாம். அதனால பூரணம் ஒரு வழக்கம் வச்சிருந்தா. ஒரு பக்கத்துக் கப்பல் எறங்கியிருந்தா, அடுத்த பக்கத்துக் கப்பலை மேலயே நிறுத்திருவா. இவுக உண்டு எந்திரிச்சுக் கெளம்புன பிறகுதான் அவுகளுக்கு எலை. கோளே அப்படித்தான் தப்பிச்சுக் கெடந்துச்சாம்.

ஒரு நாளு, பனிக்கரைத் தலைவி பரிவாரத்தோட பூரணம் களத்துல எறங்கியிருந்தா. அவ பேரு வெயிலுவந்தா. ஊரெல்லாம் பனி, பேரு வெயிலுவந்தா! அந்த நேரம் பாத்துச் செங்காட்டுத் தலைவன் மாடக்கண்ணு கப்பலும் வந்து வானத்துல நிக்கி. ரேடியோவுல கூப்புடுறான்.

"தாயி பூரணம், எறங்கலாமா? குடிக்கச் சொட்டுத் தண்ணி இல்லை."

"செத்த நேரம் பொறுங்கண்ணே, களத்துல ஆளிருக்கு."

"புள்ளைகளும் இருக்கு தாயி. நாக்கு வறண்டு கெடக்கு."

"அய்யோ, எனக்குத் தெரியுதுண்ணே. சீக்கிரம் அனுப்பிருதேன்."

கிழக்க ரேடியோவுல காதை வச்சிருந்தவளுக்கு என்ன தோணுச்சு? சண்டை தோணலை. வெயிலுவந்தா தோணலை. ஒரு கப்பல் எறங்க எடமில்லாம நிக்கி, என் களம் காலியாக் கெடக்குங்கிறது மட்டும்தான் தோணுச்சாம். ஒரு தடவையாச்சும், ஒரே ஒரு தடவையாச்சும் என் களத்துல ஒரு கப்பல் எறங்குறதைப் பூரணம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பாக்கணும். அம்புட்டுத்தான். ஓடிப்போய் விளக்கை ஏத்துனா. ரேடியோவை எடுத்தா. தொண்டையைக் கனைச்சுக் குரலைக் கொழைச்சா.

"வாங்கய்யா வாங்க! கிழக்குக் களம் ஒங்களுக்குத்தான். தண்ணி உண்டு, விருந்தும் உண்டு!"

விருந்து எங்க இருக்கு? பானையில நாலு கெழங்கு இருக்கு.

கப்பல் எறங்குச்சு. புழுதி பறந்துச்சு. ஆவுடைச்சிக்குக் கண்ணு கலங்கிப்போச்சாம். இடுப்புல சேலையைச் செருகிக்கிட்டு, "வாங்க வாங்க"ன்னு வாசலுக்கு ஓடுறா. மாடக்கண்ணு எறங்குனான், ஆளுக எறங்குனாக, புள்ளைக எறங்குச்சு. புழுதி அடங்குச்சு. வேலிக்கு அங்கிட்டுப் பாத்தா, பனிக்கரைக்காரக.

அம்புட்டுத்தான். இங்கிட்டும் துப்பாக்கி தூக்கியாச்சு, அங்கிட்டும் துப்பாக்கி தூக்கியாச்சு. "ஏமாத்திக் கூப்புட்டுட்டா பாவி"ங்கிறான் மாடக்கண்ணு. "வளைச்சுப் புடிக்கப் பாக்குறாக"ங்கிறா வெயிலுவந்தா. எவன் விரலாச்சும் அசைஞ்சா ஊத்துமில்லை, வயலுமில்லை, இன்னைக்குக் கதை சொல்ல நானுமில்லை.

வேற பொம்பளையா இருந்தா வீட்டுக்குள்ள ஓடிக் கதவைச் சாத்தியிருப்பா. ஆவுடைச்சிக்கு வந்தது பயமில்லை, ஆத்திரம். "என் களத்துக்கு மொத மொத வந்த விருந்தாளி! தண்ணிகூடக் குடிக்காமச் செத்துப்போனா அந்தப் பேரும் எனக்குத்தானா? பூரணம் களத்துல உண்டு போனான், ஆவுடைச்சி களத்துல செத்துப்போனான்னு சொல்லவா?" விறுவிறுன்னு ஊத்துக்குப் போனா. பெரிய திருகைப் புடிச்சு இறுக்கி மூடுனா. ரெண்டு களத்துக்கும் தண்ணி நின்னுபோச்சு. திருகு மேலயே ஏறி உக்காந்துக்கிட்டு ஒரு சத்தம் போட்டாளாம்.

"துப்பாக்கியைக் கீழ வச்சவனுக்குத்தான் தண்ணி! சுடணும்னா மொதல்ல என்னையச் சுடு. அப்புறம் தொறக்குற வித்தையை நீயே கண்டுபுடிச்சுக்கோ!"

புள்ளைக அழுதுச்சு. மாடக்கண்ணு பாத்தான், கீழ வச்சான். வெயிலுவந்தா கப்பல்லயும் இன்னும் தண்ணி ஏத்தலை. அவளும் பாத்தா, கீழ வச்சா.

அப்பத்தான் வேலியோரத்துல பூரணம் வந்து நிக்கா. கையில வெறும் பானை.

"யக்கா, ஒலைக்குத் தண்ணி வரலை."

ஆவுடைச்சி திரும்பித் தன் வீட்டைப் பாத்தா. விருந்துன்னு சொல்லிக் கூப்புட்டாச்சு, வீட்டுல ஒரு பிடி அரிசி கெடையாது. கேக்கவும் நாக்கு எழலை.

பூரணம்தான் சொன்னா. "யக்கா, அரிசி எங்கிட்ட இருக்கு. தண்ணி ஒங்ககிட்ட இருக்கு. ஒரே ஒலையா வச்சுருவோமா?"

"ம்"னாளாம் மூத்தவ. அவ வாழ்நாள்ல இளையவகிட்டச் சொன்ன நல்ல வார்த்தை அது ஒண்ணுதான்.

வேலியைப் புடுங்கி எரிச்சு, அந்த வெறகுலயே சோறு பொங்குனாக. கிழக்குக் களத்துலேருந்து மேக்குக் களம் வரைக்கும் ஒரே வரிசையா வாழை எலை விரிச்சாக. கிழக்க செங்காட்டுச் சனம், மேக்க பனிக்கரைச் சனம். வேலி இருந்த எடத்துல மாடக்கண்ணும் வெயிலுவந்தாளும் பக்கத்துப் பக்கத்து எலையில, மொகத்தைத் திருப்பிக்கிட்டு உக்காந்திருக்காக.

சோறு வந்துச்சு. சண்டையும் வந்துச்சு.

"மொதல்ல எறங்குனது நாங்க. எங்க பக்கம்தான் மொதல்ல போடணும்"ங்கிறா வெயிலுவந்தா.

"பசி எங்களுக்குத்தான் பெருசு. எங்களுக்குத்தான் மொத எலை"ங்கிறான் மாடக்கண்ணு.

வெயிலுவந்தா பக்கம் மொதல்ல போட்டா என்ன ஆகும்? பூரணம் கரண்டி மொதல்ல விழும். ஆவுடைச்சிக்கு அது ஆகுமா? உசுரு போனாலும் ஆகாது. "இவளும் மொதல்ல இல்லை, நானும் மொதல்ல இல்லை"ன்னு கத்துனாளாம். "அந்த முனையிலேருந்து அவ வரட்டும், இந்த முனையிலேருந்து நான் வாரேன். ஒரே நேரத்துல மொத கரண்டி. கரண்டியும் கரண்டியும் எங்க முட்டுதோ அங்க பந்தி முடிஞ்சுது. முட்டுற வரைக்கும் எவனும் எலையில கை வைக்கக்கூடாது!"

கேட்டவுகளெல்லாம், "ஆகா, என்ன நியாயம், என்ன நியாயம்"னு தலையை ஆட்டுனாக. நியாயமாவது ஒண்ணாவது. எல்லாம் வயித்தெரிச்சல்.

ரெண்டு பேரும் தொடங்குனாக. ஆவுடைச்சி நடந்தாங்கிறீங்களா? ஓடுனா. சோத்தை அள்ளுறா, வைக்கிறா, அள்ளுறா, வைக்கிறா. ஒரு எலையாச்சும் அவளைவிடக் கூடப் போட்டுறணும்னு வெறி. செங்காட்டு வரிசை முடிஞ்சுபோச்சு. மாடக்கண்ணுக்குப் போட்டா. நின்னாளா? நிக்கலை. வேலி இருந்த எடத்தைத் தாண்டி வெயிலுவந்தா எலையிலயும் போட்டா. அதுக்கும் அடுத்த எலையிலயும், அதுக்கும் அடுத்த எலையிலயும் போட்டா. அங்கதான் கரண்டி ரெண்டும் ணங்குன்னு முட்டுச்சு.

வெயிலுவந்தா திகைச்சுப்போனா. "எதிராளி களத்துக்காரி, தன் விருந்தாளிக்குப் போட்ட அதே கையால எனக்கும் போட்டுட்டாளே"ன்னு மாடக்கண்ணு மொகத்தைப் பாத்தா. அவனும் பாத்தான். ரெண்டு பேரும் ஒண்ணாச் சோத்துல கை வச்சாகளாம். அன்னைக்கு அந்தப் பந்தியில பேசுன பேச்சுதான் இன்னைக்கு இம்புட்டுப் பெரிய கூட்டணி.

தண்ணியைக் குடிச்சுட்டு வெயிலுவந்தா கேட்டா, "இவுகதான் ஊத்துக்காரக்காவா? ஒவ்வொரு தடவையும் பூரணம் சொல்லும், தண்ணி எங்க அக்காவுதுன்னு. நாங்கதான் பழகுன வாய்க்குப் பூரணம் தண்ணி, பூரணம் தண்ணின்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சோம்."

ஆவுடைச்சிக்குக் கரண்டி கைநழுவிப்போச்சாம். வானத்துல பேசுறதைத்தான் அவ கேட்டா. களத்துல பேசுறது ரேடியோவுல வருமா? இத்தனை வருசமா இளையவ சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கா.

எலை எடுத்த பிறகு இளையவளைத் தனியாக் கூப்புட்டுக் கேட்டா. "ஏ புள்ள, நெசத்தைச் சொல்லு. நீ வேணும்னே கையைத் தளத்துனியா?"

"இல்லக்கா. குண்டான் சுட்டுருச்சு."

சுடவுமில்லை, ஒண்ணுமில்லை. அவ கையில ஒரு செவப்புக்கூட இல்லையாம். மூத்தவ பாத்துட்டா. பாத்துட்டு வீட்டுக்குள்ள போய் அழுதா. "விட்டுக்குடுக்குறதுலயும் எனக்கு முந்திட்டாளே சண்டாளி"ன்னு அழுதா.

மறு வருசப் பந்தியில ஆவுடைச்சி ஒரு முடிவோட வந்தா. இந்தத் தடவை நான் விட்டுக்குடுக்கேன் பாருன்னு எலைக்கு எலை நின்னு நின்னு வந்தா. அந்தப் பக்கம் பூரணமும் நின்னு நின்னு வந்தா. இவ ஒரு பருக்கை, அவ ஒரு பருக்கை. சோறு ஆறிப்போச்சு, கொழம்பு ஆடை கட்டிப்போச்சு. நடு எலையில மாடக்கண்ணு, "எம்மா தாயிகளா, எங்களைக் கொல்லாதீங்க"ன்னு கத்துறான். கடைசியில மூத்தவளுக்குத்தான் பொறுமை போச்சு. "வந்து தொலைடி"ன்னு ஒரே ஓட்டமா ஓடுனா. எங்க முட்டுச்சுங்கிறீங்க? அதே எடத்துல.

அந்த எடத்துலதான் கல்லு நட்டிருக்கு. எந்த உலகம் எம்புட்டுத் தூரம்னாலும் இந்தக் கல்லுலேருந்துதான் அளக்குறாக. பொறியாளருக வந்து அளந்து பாத்து, "கல்லு நடுவுல இல்லையே, மேக்க தள்ளி இருக்கே, நகத்திருவோமா?"ன்னு கேக்காத வருசமில்லை. தொட விடமாட்டோம். இன்னைக்கும் சபைப் பந்தியில ரெண்டு முனையிலேருந்தும்தான் பரிமாறுறது. கரண்டி முட்டுற வரைக்கும் எந்த உலகத்து ராசாவும் எலையில கை வைக்கக்கூடாது. நல்லாப் பாத்துக்கோங்க, கிழக்கேருந்து வாறது எங்க வழியாளு, ஓட்டமா வரும். மேக்கேருந்து வாறது பூரணம் வழியாளு, கடைசியில கை தளரும்.

கல்லுக்கு என்ன பேரு வைக்கலாம்னு அன்னைக்குச் சபை கூடிக் கேட்டுச்சாம். ஆவுடைச்சி தொண்டையைக் கனைச்சுக்கிட்டு எந்திரிச்சா. இந்த ஒரு தடவையாச்சும் நான் முந்திக்கிட்டு, பூரணம் கல்லுன்னு வைங்கன்னு சொல்லிறணும்னு எந்திரிச்சா. அதுக்குள்ள இளையவ சொல்லிட்டா, "எங்க அக்கா பேரை வைங்க"ன்னு.

அதான் ஆவுடைச்சி கல்லு. எங்க ஆளு பேருதான். ஆனா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எங்க வழியில ஒருத்தருக்கும் இன்னமும் வயிறு எரியாம இருக்கிறதில்லை. பந்தி விரிச்சாச்சு, எந்திரிங்க. கரண்டி முட்டுற சத்தம் கேக்குற வரைக்கும் கை மடியிலயே இருக்கட்டும்.