சந்தோஷ நபர்

அவைத் தலைவர் திருமதி தக்ஷாயினி அவர்களே, மேடையில் இருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வல்லிபுரம் அண்ணனின் துணைவியார் இலட்சுமிப்பிள்ளை அக்கா, அவர்கள் மகன் சிவதர்ஷன், எங்கள் நாடக மன்றத்து உறவுகளே! இந்த அஞ்சலி மேடையில் வணக்கம் சொல்ல நா கூசுகிறது. ஆனாலும் வல்லிபுரம் அண்ணன் இருந்தால், "முறையாத் தொடங்குங்க சேர்" என்றுதான் சொல்வார். வணக்கம்.

கலாபூஷணம் வல்லிபுரம்! வாழைச்சேனைக் காகித ஆலையில் இயந்திரம் ஓட்டிய கைகள். மேடையிலே நாற்பது வருடம் நம்மைச் சிரிக்க வைத்த முகம். அவரைப் புகழ ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மன்றத்தின் இயக்குநரான நான் என்னுடைய பிழை ஒன்றைச் சொல்லத்தான் எழுந்திருக்கிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் ஷேக்ஸ்பியரின் நகைச்சுவை நாடகமொன்றைத் தமிழாக்கி இயக்கினேன். பெரிய சொற்களில் பேச ஆசைப்பட்டு, எல்லாவற்றையும் மாற்றிப் பேசும் ஒரு காவலன் அதில் வருவான். 'சந்தேக நபர்' என்பதற்கு 'சந்தோஷ நபர்' என்பான். அந்தச் சொல்லைத் தந்தவரே அண்ணன்தான். எங்கிருந்து எடுத்தீர்கள் என்று நான் கேட்டேனா? கேட்கவில்லை!

ஒத்திகையில், "முகத்தைக் கோணுங்கள், தொப்பி விழட்டும்" என்றேன். செய்தாரா? செய்யவே இல்லை. நல்ல செய்தி கொண்டுவந்தவரைப் போல, அந்தச் சொல்லை அக்கறையோடு சொன்னார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நடிக்கத் தெரியாவிட்டால் வேடத்தைக் கழற்றுங்கள்!" என்று எல்லோர் முன்னிலையிலும் கத்தினேன்.

தேநீர் நேரத்தில் என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"சேர், என்ட மகனப் பிடிச்சு வச்சிருந்த நேரம் விசாரிக்கப் போனன். தமிழ் அரைகுறையாத் தெரிஞ்ச ஒரு பொலிஸ்காரர் வந்து, 'ஐயா, உங்கட மகன் சந்தோஷ நபர்' எண்டார். விடப்போறாங்க எண்டு நினைச்சிட்டன். ஓடிப்போய் மனிசிக்கிட்டச் சொன்னன். அவ இறால் வாங்கி ஆக்கி வச்சிட்டு வாசலப் பாத்துக்கிட்டு இருந்தா. மகன் வரப் பதினொரு மாதமாச்சு."

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"அந்த மனுசன் எங்களப் பகிடி பண்ணயில்ல. ஆறுதல் சொல்லத்தான் தெரியாத பாசையில கதைச்சவர். சொல் பிழையெண்டு அவருக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி நான் நடிச்சா அது பொய், சேர்."

அவர் விருப்பப்படியே நடித்தார். குருக்கள்மடத்தில் மேடையேற்றியபோது சபை குலுங்கிச் சிரித்தது. சிரித்தபடியே சிலர் கண்ணைத் துடைத்தார்கள். அன்றாவது மன்னிப்புக் கேட்டேனா? முதுகில் ஒரு தட்டுத் தட்டியதோடு சரி. இயக்குநர் என்ற கெப்பர், தலைக்கனம்! வல்லிபுரம் அண்ணன், இந்தச் சபையறிய இப்போது கேட்கிறேன், என்னை மன்னித்துவிடுங்கள்.

அடுத்த மாதம் கொக்கட்டிச்சோலையில் அந்த நாடகம் நிச்சயம் நடக்கும். நேற்று சிவதர்ஷன் என்னிடம் வந்து, "சேர், அப்பாட வேசத்த எனக்குத் தாங்க. அந்தச் சொல்ல நானே சொல்லுறன்" என்றார். பதினொரு மாதம் அந்தப் பெயரைச் சுமந்தவர்! கொடுத்துவிட்டேன். எப்படிச் சொல்ல வேண்டும் என்று நான் வாய் திறக்கப்போவதில்லை. இது என் உறுதி.

எல்லோரும் வாருங்கள். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். இலட்சுமிப்பிள்ளை அக்கா, நீங்களும் கட்டாயம் வர வேண்டும். அந்தச் சொல்லைக் கேட்கும்போது, இம்முறை உங்கள் மகன் உங்கள் கண்முன்னே நிற்பார்.