வெள்ளிக்கிழமை டிஸ்க்

எனக்குக் கோபமே வராது, ஐயா. லான்மடா பேட்டையில் எங்கள் வீடியோ ஸ்டுடியோ இருக்கும் தெருவில் பர்மியர், தமிழர் யாரைக் கேட்டாலும், "கோ முரளியா, நம்ம முரளி அண்ணனா, பசு மாதிரி" என்பார்கள். கோயில் தலைவர் நீங்களே கூப்பிட்டுக் கேட்பதால் நடந்ததைச் சொல்கிறேன்.

முதலாளி கமால் பாய்க்குக் கல்யாணப் படம் தொலைந்துவிடுமோ என்று ஓயாத பயம். கரண்ட் போய்ப் போய் வந்து கம்ப்யூட்டர் அவரை அழவைத்திருக்கிறது. டேப்பையும் அடுத்த கல்யாணத்துக்கு அழித்து எடுத்துக்கொள்வோம். அதனால் நான் ஓர் ஏற்பாடு செய்துகொடுத்தேன். கம்ப்யூட்டர் பெட்டியில் இரண்டு டிஸ்க்; ஒன்றில் எழுதுவதை மற்றதும் கண்ணாடி போல எழுதிக்கொள்ளும். மூன்றாவது அவர் வீட்டில். வெள்ளிக்கிழமை வீட்டு டிஸ்க்கைத் துண்டில் சுற்றிக் கொண்டுவருவார். பெட்டியிலிருந்து ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போக உருவிக்கொண்டு இதைச் செருகினால், பழையதை அழித்துப் புதியதைத் தானே நிரப்பிக்கொள்ளும். ஒரு பட்டனைக்கூட அமுக்க வேண்டாம்.

எங்கள் பேட்டைக் கமலாட்சியின் கல்யாணத்தை நான்தான் எடுத்தேன். எடிட் செய்ய உட்கார்ந்தேன். மாப்பிள்ளை குழந்தைவேலு ஓரிடத்தில் மூக்கை நோண்டினார். வெட்டினேன். எந்த எடிட்டரும் வெட்டுவான். அடுத்து ஒரு கொட்டாவி. அதையும் வெட்டினேன். பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பும் தேவையில்லை என்று பட்டது.

இருவரும் சேர்ந்து நிற்கும் இடங்களில் படத்தைப் பெரிதாக்கி, அவரை வெளியே தள்ளினேன். தாலி கட்டும்போது மட்டும் அவருடைய கைகளை விட்டுவைத்தேன். தாலி தானாக ஏறாது. எனக்கும் நியாயம் தெரியும்.

பிறகு வெட்டாத மூலப்படத்தை அழித்தேன். பெட்டியில் இருந்த இரண்டு டிஸ்க்கும் ஒரே மனதாக அழித்தன. வெள்ளிக்கிழமை கமால் பாய், கடைசியாக மிச்சமிருந்த முழு மாப்பிள்ளையைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து, தன் கையாலேயே செருகினார்.

மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், மாப்பிள்ளை வீட்டில் சொந்தபந்தத்தை எல்லாம் கூட்டிவைத்துப் படம் போட்டார்கள். பாதியில் அவருடைய அம்மா சொர்ணம்மாள், "என் மகன் எங்கேப்பா?" என்றார்.

"வருவாரும்மா, வருவாரு," என்றார் கமால் பாய்.

படம் முடிந்தது. குழந்தைவேலு தன் கைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பயப்படாதீங்க, மூணு டிஸ்க் இருக்கு," என்று கமால் பாய் வீட்டு டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு ஓடினார். மூன்றையும் போட்டுப் பார்த்தார். கொஞ்சமும் பிசகாமல் மூன்றும் ஒத்துப்போயின. மனிதர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கமலாட்சி என்னிடம் வந்து, "தெரிஞ்சேதான் செஞ்சீங்களா, கோ முரளி?" என்றாள். ஆமாம் என்றேன். உங்களிடமும் அதையே சொல்கிறேன்: தெரிந்துதான் செய்தேன், துண்டு துண்டாக, பொறுமையாக. ஞாயிற்றுக்கிழமை இருவரும் மறுபடி மாலை மாற்றிப் படம் எடுக்கப்போகிறார்களாம். வேறு கேமராக்காரரைச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் இஷ்டம்.

ஆனால் ஆசை, பொறாமை என்று யாராவது கதை கட்டினால் நம்பாதீர்கள், ஐயா. வருஷக்கணக்காகத் தினமும் காலையில் அவள் வீட்டு எதிரே உட்கார்ந்து மொஹிங்கா சாப்பிட்டேன் என்றால், அந்தக் கடையில் மீன்சாறு அவ்வளவு ருசி. மீன்தான் எனக்கு ஒத்துக்கொள்ளாது.