லேப்டாப்புக்குப் போட்ட பூஜை

திருத்தணி நகர்வாழ் மெய்யன்பர்கள், படிபூஜை அன்பர் குழுவின் உறுப்பினர்கள், மற்றும் இதில் அக்கறையுள்ள சகலரின் மேலான கவனத்துக்கு: லேப்டாப்பை மெத்தைமேல் வைத்து வேலை செய்யக் கூடாது. அடியில் காற்று போக வழி வேண்டும். இல்லாவிட்டால் சூடேறித் தானாக அணைந்துவிடும்.

இதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். மற்றதெல்லாம் நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். சந்திரமோகனாகிய நான் தலைவராக நீடிக்கலாமா என்று கூட்டம் போட்டுப் பேசி, தீர்மானமும் எழுதினீர்களாம். மூன்று பேர் உள்ள குழுவில் என்னை விட்டுவிட்டு இரண்டு பேர் போட்ட கூட்டம். அதில் ஒருவரான பொருளாளர் சிங்காரம் என் மனைவிக்கு அண்ணன். நடுநிலையை நான் எதிர்பார்க்கவில்லை. இருக்கட்டும்.

என் மனைவி தமிழ்செல்வி வீட்டிலிருந்தபடியே லேப்டாப்பில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தந்தாள். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் அவளை நான் ஒரு அடி அடித்ததில்லை. உரக்கப் பேசியதில்லை. இதை உங்கள் தீர்மானத்தில் எங்கும் காணோம்.

சித்திரை மாதம் அந்த லேப்டாப் நிஜமாகவே பழுதானது. அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. பாடம் நடக்கும்போதே விசிறி ஆட்டோ மாதிரி இரையும், அடிப்பக்கம் தோசைக்கல்லாகும், பட்டென்று அணையும். அரக்கோணம் ரோட்டில் கடை வைத்திருக்கும் முக்தார் அகமதுவிடம் இருவரும் கொண்டுபோனோம். அவர் அடிமூடியைக் கழற்றினார். விசிறி வாயில் தூசு கம்பளி மாதிரி படிந்திருந்தது. பிரஷ்ஷால் தட்டி எடுத்தார். உள்ளே சூட்டைக் கடத்தத் தடவியிருந்த பழைய பேஸ்ட் காய்ந்துபோயிருந்தது, அதைச் சுரண்டிவிட்டுப் புதுசு தடவினார்.

"அக்கா, இந்த ஓட்டைங்க இதுக்கு மூக்கு மாதிரி. அடைச்சிகிச்சின்னா செத்துப் பூடும்" என்றார்.

பழுது பார்ப்பவர்கள் கொஞ்சம் வாயடக்கமாக இருப்பது நல்லது. அதுவரை அந்த ஓட்டைகளை நான் கவனித்ததே இல்லை.

அடுத்த மாதம் ஹைதராபாத்தில் ஒரு பாட நிறுவனம், தமிழும் தெலுங்கும் தெரிந்த ஆள் வேண்டும், வீட்டிலிருந்தே வேலை என்று விளம்பரம் செய்தது. நம் பக்கத்தில் மாடுகூட இரண்டு பாஷைக்கும் திரும்பிப் பார்க்கும். தமிழ்செல்வி மனுப் போட்டாள். முதல் சுற்றில் தேறினாள், இரண்டாவதிலும் தேறினாள். மிச்சம் கடைசி நேர்காணல்.

"இது மட்டும் கெடச்சா போதுங்க. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றாள். பதினெட்டு வருஷத்தில் அவள் வாய்விட்டு ஆசைப்பட்டது அது ஒன்றுதான். நான் காது கொடுத்துக் கேட்டேன்.

குடும்பத் தலைவன் என்பவன் நாலையும் யோசிக்க வேண்டும். வேலை கிடைத்தால் அவளுக்குக் கண் கெடும், முதுகு போகும். போதாக்குறைக்கு, மலையடிவாரத்துப் பூக்காரம்மா ஏற்கெனவே என்னை "டீச்சரம்மா வூட்டுக்காரரு வந்துகீறாரு பாரு" என்கிறாள். எனக்காகச் சொல்லவில்லை, தலைவர் பதவிக்கு அது இழுக்கு.

ஆகவே செவ்வாய்க்கிழமைதோறும் லேப்டாப்புக்குப் பூஜை போட ஆரம்பித்தேன். ஆயுத பூஜைக்கு லாரி முதல் அரிவாள்மணை வரை பொட்டு வைக்கிற ஊரில் இதை யார் கேட்கப்போகிறார்கள்? அடிப்பக்க ஓட்டைகள்மேல் கெட்டியாகச் சந்தனம், நடுவில் குங்குமம். பிறகு கண்ணை மூடி "முருகா" என்று ஒரு சிட்டிகை விபூதியை ஊதுவேன். விசிறி காற்றை உறிஞ்சும் பக்கம் எது, தள்ளும் பக்கம் எது என்று முன்பே காகிதத் துண்டு வைத்துப் பார்த்துக்கொண்டேன். எதையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது.

"இன்னாங்க, இதுக்குப் போயி பூஜையா?" என்றாள்.

"கண்ணு பட்டுகீது" என்றேன்.

சிரித்தாள். பிறகு அவளும் என் பக்கத்தில் நின்று கும்பிட்டுக்கொண்டாள்.

லேப்டாப் மறுபடி அணைய ஆரம்பித்தது. மறுபடி முக்தார் கடை, மூன்று தடவை. வேறு கடையில் காட்டலாமா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன். வேறு ஆளாக இருந்தால் மூடியைத் திறந்ததும் 'எந்தப் புண்ணியவான் இதுல விபூதி கொட்டினது' என்று கேட்டுவிடுவான். முக்தார் பண்பானவர், அடுத்தவர் சாமி விஷயத்தில் வாய் திறக்க மாட்டார். திறந்தார், உள்ளே பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார். "தூசுதான் சார்" என்றார். மத நல்லிணக்கம் பற்றி மேடையில் நான் பேசும்போது கொட்டாவி விடுகிறீர்களே, இதைத்தான் சொன்னேன்.

கடைசி நேர்காணல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு. பத்தரைக்குச் சிறப்புப் பூஜை. அன்று சிட்டிகை அல்ல, கைப்பிடி.

பன்னிரண்டு நிமிஷம் தாங்கியது. தெலுங்கில் ஏதோ அழகாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள், பாதி வாக்கியத்தில் திரை கறுத்தது. பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். முந்தானையால் அதற்கு விசிறினாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அதே தட்டிலிருந்து விபூதி எடுத்து நெற்றியில் பூசி, "அவன் சித்தம்" என்றேன். என் தோளில் சாய்ந்து அழுதாள். அவள் என்னோடு அவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்து பல வருஷமாகிறது. எங்கள் குடித்தனத்தில் அது நல்ல நேரம் என்றே சொல்வேன்.

மறுநாள் அவளே தனியாக முக்தார் கடைக்குப் போனாள். அங்கே நடந்ததைப் பிறகு முக்தாரே என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சொன்னார். துடைத்து முடித்ததும் மேசை டிராயரிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டியிருக்கிறார்.

"அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. ஒவ்வொரு வாட்டியும் இதுக்குள்ள இருந்து எடுத்தது. உங்க சாமி பிரசாதமாச்சே, குப்பையில போட மனசு வரல. சேத்து வச்சிகினு இருந்தேன்."

"இவ்ளோவும் உள்ள இருந்துச்சா, பாய்?"

"ஆங்."

அவருடைய மரியாதை அந்த அளவுக்குப் போகும் என்று நான் கணக்குப் போடவில்லை.

வீட்டுக்கு வந்து பொட்டலத்தை என் முன்னால் பிரித்தாள். "தலைவரே, மலைக்கோயில் முந்நூத்தி அறுபத்தஞ்சு படிக்கும் இது வரும்போல கீது. ஊதுங்க" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். நிறுவனத்துக்கு எழுதி இன்னொரு வாய்ப்புக் கேட்டாள், கொடுத்தார்கள். முக்தார் கடையிலேயே உட்கார்ந்து பேசினாள். தெருச் சத்தம் கேட்கக் கூடாதென்று அவர் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு வெளியே நின்றாராம். வேலை கிடைத்துவிட்டது. இப்போது ஆர்.கே.பேட்டையில் சிங்காரம் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறாள்.

நான் செய்தது எல்லாம் குடும்ப நலனுக்காக. தீர்மானத்தில் 'பொறாமை' என்று ஒரு சொல் இருக்கிறது, அதை நீக்க வேண்டும். நேர்மைக்காக ஒரு விவரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். அந்த வேலைக்கு அவளுக்கு முன்பே, அவளுக்குத் தெரியாமல், நான் மனுப் போட்டிருந்தேன். அதே லேப்டாப்பில்தான் பேசினேன், முதல் சுற்றிலேயே தள்ளிவிட்டார்கள்.

அன்று லேப்டாப் நன்றாகத்தான் ஓடியது.