போத்தனூர் அட்லஸ்

டீ நன்றாக இருக்கிறது, ஐயா. இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள். கல்யாண மண்டபங்களில் ஆர்கெஸ்ட்ராக்காரர்களுக்கு ஆறிப்போன டீதான் வரும்.

என் பேர் ஐயாசாமி. போத்தனூர் அட்லஸ் இன்னிசைக் குழுவில் பெட்டி தூக்குகிறேன். ஒவ்வொரு ஸ்பீக்கர் பெட்டியும் ஒரு கன்றுக்குட்டி கனம். ஏற்றுவது, இறக்குவது, மேடையில் அடுக்குவது, ஒயர் மாட்டுவது எல்லாம் என் வேலை. பாட்டை நான் கேட்டதே இல்லை. பெட்டிக்குப் பின்னால் சாய்ந்தால் எந்தச் சத்தத்திலும் தூக்கம் வந்துவிடும்.

ஒரு சின்னத் திருத்தத்துக்காகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். பேப்பரில் ‘அட்லஸ் குழுத் தலைவர் பலி’ என்று மொட்டையாகப் போட்டுவிட்டார்கள். எந்த அட்லஸ் என்று போடவில்லை. எங்கள் ஓனர் மோகன்குமார் வீட்டுக்கு மாலையோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். ஓனரே கதவைத் திறந்து மாலையை வாங்கி வைக்கும்படி ஆயிற்று. செத்தது கொடுமுடி அட்லஸ் வெங்கடபதி. இதை விவரமாகச் சொன்னால்தான் உங்களுக்கும் எழுத வசதி.

எனக்கு எழுத்து வந்ததே தலை நரைத்தபின்தான். அறிவொளி வகுப்பில் புவனா டீச்சர் ‘அ’ போட்டுக் காட்டியதும், இதை எங்கேயோ தூக்கியிருக்கிறோமே என்று தோன்றியது. மறுநாள் பார்த்தால் எங்கள் பெட்டியின் முகத்தில் அதே ‘அ’. பிறகு ‘ட்’ வந்தது, ‘ல’ வந்தது. கடைசி எழுத்து மட்டும் டீச்சர் பாடத்தில் இல்லை. ஓனரிடம் கேட்டேன்.

“அது வடமொழி எழுத்துங்க ஐயாசாமி. பாம்பு சீறுற மாதிரி சொல்லிப் பாருங்க.”

சொன்னேன். அட்லஸ். இத்தனை வருஷம் முதுகில் சுமந்தது என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வேனுக்குப் பின்னால் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். ரேஷன் கார்டில் என் பேரைப் படித்தபோதுகூட அப்படி ஒன்றும் வரவில்லை.

கீபோர்டு வாசிக்கும் தனபால் உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் இங்கிலீஷ் பத்திரிகை வாங்கிப் படிக்கிறவன். ஒருநாள் சொன்னான்:

“அட்லஸ்ங்கறது யாரு தெரியுங்களா? வானத்தையே தோள்ல தூக்கிட்டு நிக்கற ஆளு. உங்களாட்டத்தான். ஆனா பேரு நம்மளோடது மட்டும் இல்லீங்ணா. ஜெர்மனில ஒரு அட்லஸ் பாண்டு இருக்குது, கிரீஸ்ல ஒண்ணு, அமெரிக்காவுல எண்ணியே முடியாது.”

“அங்கயும் பொட்டி தூக்க ஆளு இருக்குமா தம்பி?”

“இல்லாமயா? வெள்ளக்கார ஐயாசாமி.”

இரண்டு பேரும் சிரித்தோம். தூரத்தில் இருப்பவர்கள் மேல் எனக்கு வருத்தமே கிடையாது. அதே பேரில் சைக்கிள்கூட ஓடுகிறது. அதோடும் தகராறு இல்லை. ஆனால் கொடுமுடி, பஸ் போகிற தூரத்தில் இருக்கிறது.

பெருந்துறைக் கல்யாணத்தில் பெண் வீட்டார் அட்லஸ்தான் வேண்டும் என்றார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் அட்லஸ்தான் என்றார்கள். ஒற்றுமையான சம்பந்தம். ஆனால் கச்சேரிக்கு அழைக்கப் பெண் வீட்டார் போத்தனூரில் வெற்றிலை பாக்கு வைத்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் கொடுமுடியில் வைத்தார்கள். மத்தியானம் மண்டபத்து வாசலில் இரண்டு அட்லஸ் வேன்கள் நின்றன.

“ஏனுங்க, ரெண்டு வேன்ல வந்துருக்கறீங்க? பெரிய குழுவாட்ட இருக்குது” என்றார் ஒரு பெரியவர். எல்லோரும் சிரித்தார்கள்.

வெங்கடபதி கைகூப்பிக்கொண்டே இறங்கினார். “சண்ட எதுக்குங்க மோகன்? சேந்தே வாசிச்சுப்போடலாம். ரெண்டு பக்கத்துப் பொட்டியும் மேடைல ஏறட்டும். சத்தம் இன்னும் நல்லா வரும்.” எங்கள் ஓனரும் சிரித்துக்கொண்டு சம்மதித்தார்.

வெங்கடபதியே எனக்கு இலை போடச் சொல்லிப் பக்கத்தில் நின்றார். “இன்னொரு கரண்டி பாயசம் ஊத்துங்க, தூக்கற ஒடம்பு” என்றார். நல்ல மனுஷர். அதை நான் எங்கேயும் மறுத்ததில்லை.

பெட்டிகளை ஏற்றி அடுக்கிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே மஞ்சள் எழுத்து. எது எங்களுடையது என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாகப் படித்தேன். அட்லஸ். அட்லஸ். அட்லஸ். எழுத்துத் தெரியாத காலத்தில் கீறலையும் நசுங்கலையும் தடவியே எங்கள் பெட்டியைக் கண்டுபிடிப்பேன். படிக்கக் கற்றபின் அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

வெங்கடபதி என் தோளில் கை வைத்தார். “எதா இருந்தா என்னங்ணா, எல்லாம் ஒண்ணுதான்.”

அன்பாகத்தான் சொன்னார்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. செருப்பைக் கீழே விட்டுவிட்டுத்தான் மேடை ஏறுவோம். முதல் மைக்கின் காலடியில் தேங்காய் உடைப்போம். சிந்திய தண்ணீரைத் துடைக்கக் கூடாது, துடைத்தால் குரல் வறண்டுவிடும் என்பார்கள். குழுத் தலைவர் அந்த ஈரத்தில் நின்றுதான் மைக்கைப் பிடித்து முதல் வார்த்தை பேச வேண்டும். வயதில் மூத்தவர் வெங்கடபதி என்பதால் அவர்தான் பேசுவது என்று பந்தியிலேயே முடிவாகியிருந்தது. இருந்தாலும் ஓனரிடம் இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். நான் அவசரக்காரன் இல்லை.

பிறகு ஒரு ஒயரை இருக்க வேண்டிய இடத்திலிருந்து எடுத்து, இருக்கக் கூடாத இடத்தில் மாட்டினேன். பெட்டி தூக்குவதை நினைத்தால் கனமே இல்லாத வேலை.

அவர் சபையைக் கும்பிட்டுவிட்டு மைக்கைப் பிடித்தார். ‘அட்’ வரைக்கும் வந்தது.

நீங்கள் விபத்து என்று எழுதிக்கொண்டீர்கள். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்த மாலைகள் வந்தபிறகு எங்கள் ஓனருக்கு மனசு விட்டுப்போயிற்று. டர்பன்டைனும் துணியும் கொடுத்தார். “அழிச்சுப்போடுங்க ஐயாசாமி, அந்தப் பேரு ஆகாது. இனி எம் பொண்ணு பேருதான்” என்றார். நானே உட்கார்ந்து எல்லாப் பெட்டியையும் அழித்தேன். இப்போது ‘லோகப்பிரியா’ என்று எழுதியிருக்கிறது. அதைப் படிக்க எனக்கு மனசு வரவில்லை.

எழவு கேட்கக் கொடுமுடிக்குப் போயிருந்தேன். வெங்கடபதியின் சம்சாரம் ரங்கம்மாள் குழுவைக் கலைக்கவில்லை. அவர் ஞாபகமாக அதே பேரில் நடத்தப் போகிறாராம். முதல் மைக்கை இனி அந்தம்மாதான் பிடிப்பாராம். என்னைப் பார்த்து, “பொட்டி தூக்க நல்ல ஆளு இல்லீங்களேண்ணா, நீங்க வாரீங்களா?” என்று கேட்டார்.

“வாரேனுங்க அம்மணி” என்றேன்.

கைநாட்டு வேண்டாம் ஐயா, எனக்குப் படிக்கத் தெரியும். ‘கொடுமுடி அட்லஸ்’ என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்தே போட்டுத் தருகிறேன். கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் நல்லது. வெள்ளிக்கிழமை ரங்கம்மாளுக்கு முதல் கச்சேரி. ஒயர் மாட்ட நான் வருவேன் என்று அந்தம்மா என்னைத்தான் நம்பியிருக்கிறார்.