கட்டில் இருந்த பக்கம்

வரிச் சீட்டு தபாலில் வந்து சேரும் வாரத்தில், மளிகைக் கடையில் என்னைப் பார்ப்பவர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுவார்கள். எனக்கு அதில் வருத்தம் கிடையாது. கார்விக் கவுண்டியில் இருபத்தாறு வருடமாக வரிக்காக வீடுகளை மதிப்பிடுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்து யாரும் சந்தோஷப்பட்டதில்லை.

ஆனால் ஒரு வீட்டின் வரியை மட்டும் ஆறு வருடமாக என்னால் போட முடியவில்லை. ஆர்லன் டீட்ஸின் வீடு. இந்த வாக்குமூலத்தில் நீங்கள் கேட்பதும் அவரைப் பற்றித்தான், டெபுடி ஷெரிஃப். முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் நான் செய்தது உங்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும்.

ஒரு வீடு சந்தையில் என்ன விலைக்குப் போகும் என்று முதலில் பார்க்கிறோம். அதே தெருவில் அதே மாதிரி வீடு எவ்வளவுக்கு விற்றது, கூரைக்கு என்ன வயது, குளியலறை ஒன்றா இரண்டா, இப்படி. ஒரு லட்சத்து எண்பதாயிரம் டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கவுண்டியின் விகிதத்தால் பெருக்கினால் வரி. விகிதத்தை நான் வைப்பதில்லை. பள்ளிக்கூடம், சாலை, தீயணைப்பு, நூலகம் எல்லாம் தங்களுக்கு வேண்டியதைச் சொல்லும். அந்தக் கூட்டுத் தொகையைக் கவுண்டியில் இருக்கும் மொத்தச் சொத்தின் மதிப்பால் வகுத்தால் விகிதம் தானாக வந்து நிற்கும். எனக்கு இன்றும் இது அழகாகத்தான் தெரிகிறது.

எங்களுக்கு மேற்கே டெல்மோர் கவுண்டியில் ஒரு மின் நிலையம் இருக்கிறது. அவர்களுடைய பள்ளிக்கூடச் செலவில் பாதியை அதன் வரியே கட்டிவிடுகிறது. எங்களிடம் இருப்பது சோளம், சோயா, ஒழுகுகிற பள்ளிக்கூடக் கூரை. ஆகவே நான் சொன்ன ஒரு லட்சத்து எண்பதாயிரம் டாலர் வீட்டுக்கு அங்கே 1.02 சதவீதம், அதாவது ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தாறு டாலர். இங்கே 2.36 சதவீதம். நாலாயிரத்து இருநூற்று நாற்பத்தெட்டு. எல்லைச் சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு தொகை, இந்தப் பக்கம் ஒரு தொகை. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

எல்லை சாலையோடு போகிறவரை சிக்கல் இல்லை. டீட்ஸின் இடத்தில் சாலை வளைகிறது, எல்லை வளையவில்லை. அது அவருடைய வீட்டுக்கு நடுவே போகிறது. சமையலறையும் ஒரு சின்ன அறையும் டெல்மோரில். பெரிய படுக்கையறையும் முன்கூடமும் கார்விக்கில். வீட்டை அறுத்து இரண்டாக மதிப்பிட முடியாது. கூரை ஒன்று, கிணறு ஒன்று. இப்படிப்பட்ட வீடுகளுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு பழைய நடைமுறை உண்டு. ஜனவரி முதல் தேதி வீட்டுக்காரர் எந்தப் பக்கம் படுத்திருக்கிறாரோ, அந்த வருடம் முழு வீடும் அந்தக் கவுண்டிக்கு.

டீட்ஸின் மனைவி இருந்தவரை அவர்கள் பெரிய அறையில்தான் படுத்தார்கள். அவள் இறந்த பிறகு யாரோ இந்த நடைமுறையை அவர் காதில் போட்டிருக்கிறார்கள். மறுவாரமே கட்டில் சின்ன அறைக்குப் போய்விட்டது. பெரிய அறைக்கு வெப்பம் வரும் துவாரத்தையும் பலகை வைத்து அடைத்துவிட்டார்.

நான் இதை வரி மறுஆய்வுக் குழுவுக்குக் கொண்டுபோனேன். வரிக்காகப் படுக்கிற இடம் படுக்கிற இடம் ஆகாது என்பது என் வாதம். அன்று அவர் கட்டிலின் படத்தைப் பெரிதாக அச்சடித்து எடுத்துவந்திருந்தார். இரும்புக் கட்டில். நாலு காலிலும் சக்கரம் பூட்டியிருந்தார்.

"உங்க ரேட்டு என்னைக்காவது கொறைஞ்சா ஒரு ஃபோன் அடிங்க. தள்ளிக்கிட்டு வந்துடறேன்" என்றார் குழுவிடம். பிறகு என்னைக் காட்டி, "லோவெலுக்கு நம்பிக்கை வரலேன்னா, ராத்திரி வந்து என்னைப் போத்திவிட்டுட்டுப் போகட்டும். ஒரு கதையும் சொல்லட்டும்" என்றார்.

பதினோரு பேர் சிரித்தார்கள். பெயர்களைக் கேட்டால் சொல்வேன். வாசலில் காவலுக்கு நின்ற நீங்கள் பன்னிரண்டாவது.

குழு அவர் பக்கம்தான் முடிவு சொன்னது. அவர் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. ஒவ்வொரு டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதியும் பிற்பகலில் போய்க் கட்டில் எங்கே இருக்கிறது என்று படம் எடுத்து, சொத்து அட்டையோடு சேர்ப்பேன். அது என் வேலை. தரையில் எல்லை போகிற இடத்தில் அவர் மஞ்சள் டேப் ஒட்டியிருந்தார். எனக்குக் காபி ஊற்றிக்கொடுத்துவிட்டு, அந்த டேப்பின் மேல் ஒற்றைக் காலில் நின்று காட்டுவார். "இப்ப நான் எந்த ஊருக்காரன், சொல்லு பாப்போம்?" எழுபத்துநாலு வயது மனிதர். நான் காபியைக் குடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வருவேன்.

சென்ற டிசம்பரில் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. உள்ளே குரல் கேட்டது. சமையலறைத் தரையில் கிடந்தார். காலையில் விழுந்தாராம். இடுப்பு போயிருந்தது.

"லோவெல்! உன் மூஞ்சியப் பாத்து நான் சந்தோஷப்படுவேன்னு யாராவது சொல்லியிருந்தா அடிச்சிருப்பேன்" என்றார். உதடு நீலமாக இருந்தது, இருந்தும் சிரித்தார். "ஃபோன எடுப்பா."

ஃபோன் சமையலறைச் சுவரில் இருந்தது. அதிலிருந்து கூப்பிட்டால் அழைப்பு டெல்மோருக்குத்தான் போகும். டெல்மோர் ஆம்புலன்ஸ் வரும், டெல்மோர் முகவரி எழுதுவார்கள், டெல்மோர் மருத்துவமனையில் புது வருடம் பிறக்கும். இதை நான் நின்று யோசிக்கவில்லை. இருபத்தாறு வருடம் ஒரே வேலை செய்தால் இதெல்லாம் யோசிக்காமலே தெரியும்.

"முதல்ல கட்டில்ல படுங்க" என்றேன்.

தரைவிரிப்போடு இழுத்துச் சென்று மெதுவாகக் கட்டிலில் ஏற்றினேன். வலியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. "நல்ல மனுஷன்டா நீ" என்றார்.

அப்போது சக்கரங்களைப் பார்த்தேன். நல்ல சக்கரங்கள்; எண்ணெய் போட்டு வைத்திருந்தார். ஒரே தள்ளில் நகர்ந்தது. மஞ்சள் டேப்பைத் தாண்டும்போது லேசாக ஒரு குலுக்கல், அவ்வளவுதான்.

"எங்க கொண்டு போற?"

"அடுத்த ரூமுக்கு, மிஸ்டர் டீட்ஸ்."

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு புரிந்துவிட்டது. சிரித்தார். "சரி, ஜெயிச்சுட்ட. படம் எடுத்துக்க. நானே ஊரெல்லாம் சொல்றேன், லோவெல் ஜெயிச்சுட்டான்னு. இப்ப ஃபோன் பண்ணு."

படம் எடுத்தேன். ஆனால் அன்று முப்பத்தொன்றாம் தேதி. முதல் தேதி எந்தப் பக்கம் படுத்திருந்தார் என்பதுதான் கேள்வி. கட்டில் வழக்கமான பக்கமே இருந்தால் முப்பத்தொன்றாம் தேதிப் படம் போதும்; பக்கம் மாறியிருக்கும்போது அதற்கு எந்த மதிப்பும் இல்லை. இதை அவரிடம் விளக்கினேன். பொறுமையாகத்தான் விளக்கினேன். அவர் கேட்கிற மனநிலையில் இல்லை. கத்தினார். அக்கம்பக்கம் என்று அங்கே யாரும் கிடையாது.

அந்த அறை ஆறு வருடமாகச் சூடு காணாத அறை. ஜன்னலின் உள்பக்கமே பனி படிந்திருந்தது. காலைவரை அவர் தாங்க வேண்டுமே என்று சின்ன அறையிலிருந்து இரண்டு கம்பளிகளை எடுத்துவந்து கழுத்துவரை போர்த்திவிட்டேன். குழுவின் முன்னால் அவர் கேட்டது அதுதானே. அதைச் சொல்லி அவரைச் சீண்டவில்லை. அப்படிப்பட்ட ஆள் இல்லை நான்.

முதல் தேதி காலையில் மறுபடி போனேன். எட்டு மணி பத்து நிமிடம். படத்தில் நேரம் பதிவாகியிருக்கிறது. கண் திறந்திருந்தது. முந்தைய நாள் குரல் இப்போது இல்லை. தண்ணீர் கேட்டார். தண்ணீர்க் குழாய் சமையலறையில், மேற்குப் பக்கத்தில் இருந்தது.

படம் எடுத்தேன். கட்டில், ஆள், பின்னால் கிழக்கு ஜன்னல், தரையில் டேப். தெளிவான படம்.

அப்போதாவது ஏன் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை என்று கேட்டீர்கள். பிழைத்திருந்தால் அவர் மார்ச் மாதம் மேல்முறையீடு செய்திருப்பார். கட்டிலை வேறொருவர் தள்ளினார் என்று சொல்லியிருப்பார். குழு அவர் பேச்சைத்தான் கேட்கும், எப்போதும் அப்படித்தான். கம்பளிகளை எடுத்து மடித்து, சின்ன அறையில் இருந்த இடத்திலேயே வைத்தேன். ஆய்வுக்குப் போகிற வீட்டில் எந்தப் பொருளையும் எடுத்த இடத்தில் திரும்ப வைக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். கதவைச் சாத்திவிட்டு வந்தேன். மறுநாள் இரண்டு படங்களையும் சொத்து அட்டையோடு சேர்த்தேன். நீங்கள் அந்தப் படங்களைக் கைப்பற்றியது அங்கிருந்துதான். நான் எதையும் ஒளிக்கவில்லை.

தபால்காரி அவரைப் பார்த்தது மூன்றாம் தேதி.

நேற்று நீங்கள் ஒரு வழி சொன்னீர்கள். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். "லோவெல், அந்தப் பெருசு சமையக்கட்டுல விழுந்தப்பவே போயிட்டாருன்னு வெச்சுக்குவோம். நீங்க பொணத்தத்தான் தள்ளிக்கிட்டுப் போனீங்க. விழுந்த எடம் டெல்மோர். அது அவங்க தலவலி. விபத்துன்னு எழுதி மூடிடுவாங்க. உங்களுக்கு வேல போகும், அவ்வளவுதான். வீட்டுக்குப் போங்க."

படத்தைப் பார்த்து மூச்சு இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. அது உண்மை. அந்த நேரத்தைச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். சும்மா இருந்தால் போதும், நான் வீட்டுக்குப் போய்விடலாம்.

ஆனால் நீங்கள் சொல்வது போல் எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? ஜனவரி முதல் தேதி அந்த வீட்டில் வீட்டுக்காரர் என்று ஒருவர் இல்லை என்று ஆகிவிடும். கடைசியாக அவர் உயிரோடு படுத்த பக்கம் மேற்கு. வீடு டெல்மோருக்குப் போகும். செத்தும் அவர் டேப்பின் மேல் ஒற்றைக் காலில் நின்று என்னைப் பார்த்துச் சிரிப்பார். அவர்களுடைய மதிப்பீட்டாளர் அதை 1.02 என்று எழுதுவார்.

அதனால் நான் சொல்கிறபடி எழுதிக்கொள்ளுங்கள். திருத்தம் வேண்டாம். வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.

ஜனவரி முதல் தேதி காலை எட்டு பத்துக்கு ஆர்லன் டீட்ஸ் உயிரோடு இருந்தார். கார்விக் கவுண்டிப் பக்கத்து அறையில், தன்னுடைய கட்டிலில் படுத்திருந்தார். தண்ணீர் கேட்டார். அதற்குப் பிறகு குளிரில் போட்டு அவரைக் கொன்றவன் நான்.

வீடு கார்விக் கவுண்டியைச் சேர்ந்தது. விகிதம் 2.36.