இரண்டு முறை கூட்ட வேண்டும்

நெல் காயப்போடக் கூடைப்பந்துத் திடலைவிட நல்ல இடம் கிடையாது, ஐயா. சமமான சிமெண்ட் தரை, மேலே கூரை இல்லை, மரநிழல் விழாது. எங்கள் காமியாஸ் கிராமத்தில் அறுவடை முடிந்ததும் வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துக்கொள்வோம். காலையில் பரப்பி, பலகையால் கிளறிக் கிளறிவிட்டு, வெயில் தாழ்ந்ததும் மூட்டை கட்டித் திடலைப் பையன்களிடம் ஒப்படைக்க வேண்டும். அன்றைக்கு யார் நெல்லோ அவர்தான் கூட்ட வேண்டும். அதுவும் இரண்டு முறை. முதலில் ஈர்க்கு விளக்குமாறு, அப்புறம் பூந்துடைப்பம். சிமெண்ட் வெடிப்பில் ஒளிந்திருக்கும் நெல் இரண்டாவது முறையில்தான் வெளியே வரும்.

நீங்கள் மணிலாவிலிருந்து வந்தவர். அங்கே மரத்தளம் போட்ட அரங்கில் ஆட்டம் பார்த்திருப்பீர்கள். இந்த விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அதனால்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

எங்கள் ஊர்த் திருவிழாவின் கடைசி நாளில் எங்களுக்கும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் துஹாட் ஊருக்கும் ஆட்டம் நடக்கும். புனிதரின் ஊர்வலத்துக்கு வராதவன்கூட இதற்கு வந்துவிடுவான். போன வருடம் என் மகன் ஜெரிக் எங்கள் அணியில் ஆடினான். பத்தொன்பது வயது. அவனைப் பார்ப்பதற்கென்றே மணிலாவிலிருந்து ஒரு கல்லூரிப் பயிற்சியாளர் வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஜெரிக் எறியக் குதித்தான், இறங்கினான், இடது கணுக்கால் மடங்கியது. அந்தச் சத்தம் நான் உட்கார்ந்திருந்த இடம்வரை கேட்டது. அவனை மறித்து நின்றவன் துஹாட்டின் ரோடெல்.

ரோடெல் காலை நீட்டிவிட்டான் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குதித்தவன் இறங்குகிற இடத்தில் தன் பாதத்தை நுழைப்பதைவிடக் கேவலமான கள்ளாட்டம் இந்த விளையாட்டில் கிடையாது. பயிற்சியாளர் எழுந்து போனவர்தான், திரும்பி வரவில்லை. ஜெரிக் இப்போது காலை இழுத்து நடக்கிறான். ஆட்டோ பழுதுபார்க்கும் கடையில் டயருக்கு ஒட்டுப்போடுகிறான். பெற்றவனுக்கு அதைத் தினமும் பார்ப்பது சாதாரணமில்லை, ஐயா. அந்தக் கால் தரையில் உரசும் சத்தம் வாசலில் கேட்டாலே எனக்கு உடம்பு பற்றி எரியும்.

இந்த வருட ஆட்டத்துக்கு முதல் நாள் மாலை எல்லாரும் திடலோரத்தில் சோலிங் அக்காவின் அடுப்பைச் சுற்றி நின்றோம். அவள் குச்சியில் கோத்த கோழிக்குடல் சுட்டு விற்பவள். யாராலும் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. முடிதிருத்தும் பெர்டிங் உட்காருவதும் எழுவதுமாக இருந்தான். ஆட்டோ ஓட்டும் டிக்போய் தின்று முடித்த குச்சியால் பல்லைக் குத்திக்கொண்டே பேசினான்.

"நாளைக்குப் பாருங்க, மொத அஞ்சு நிமிஷத்துலயே காலை நீட்டுவான். நம்ம புள்ளைங்க ஷூவுக்குள்ள இரும்புத்தகடு வச்சுத்தான் ஆடணும்."

"கால் மட்டுமா? முழங்கையால விலாவுல குத்துவான்டா. நடுவர் அந்தப் பக்கம் திரும்பினாப் போதும், டவுசரப் புடிச்சு இழுப்பான்" என்றான் பெர்டிங்.

"நீ பாத்தியா?"

"நான் பாக்கல, என் மச்சான் பாத்தான்."

"அவனுங்க ஊர்த் தண்ணியே அப்படி. புள்ள பொறக்கறப்பவே கால நீட்டிட்டுத்தான் பொறக்குது."

எல்லாரும் சிரித்தார்கள். சோலிங் அக்கா மட்டும் விசிறியை நிறுத்தினாள். "நான் போன வருசம் புள்ள விழுந்த மூலைலதான அடுப்பு போட்டிருந்தேன். அவன் கால் நீட்டின மாதிரி எனக்குத் தெரியலையே. பாவம், அவனே மிரண்டு போய்த்தான் நின்னான்."

"அக்கா, நீ கொடலைப் பாத்துட்டு இருந்திருப்ப" என்றான் டிக்போய். "சாந்தோ அண்ணனக் கேளு. பெத்தவரு. கண்ணால பாத்தவரு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "பார்த்தேன்" என்றேன். அதற்குமேல் நான் எதுவும் சொல்வதில்லை. ஒரு வருடமாக அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது. முழங்கை, டவுசர் எல்லாம் அவர்களாகச் சேர்த்துக்கொண்டவை. ஊர்வாயை மூட உலைமூடி உண்டா?

மறுநாள் திடலில் நெல் போடும் முறை பெர்டிங்குடையது. அவனைத் தனியாகக் கூப்பிட்டு, என் நெல்லில் ஈரம் ஏறிவிட்டது, நாளைக்கு நான் போட்டுக்கொள்கிறேன் என்றேன். "திருவிழா அன்னிக்குக் கூட்டுற வேலை மிச்சம்ணே" என்று சந்தோஷமாகக் கொடுத்துவிட்டான். அப்போது என் மனதில் எந்தத் திட்டமும் இல்லை. அல்லது இருந்திருக்கலாம்.

வீட்டுக்குப் போனால் ஜெரிக் எனக்காகக் காத்திருந்தான். கருவாடும் தக்காளியும் எடுத்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் தட்டையே பார்த்தான். "அப்பா, ரோடெல் கடைக்கு வந்திருந்தான். ரொம்ப நேரம் பேசிட்டிருந்தோம்."

நான் தட்டில் சோறு போட்டுக்கொண்டேன்.

"அவன் கால் அங்க இல்லப்பா. எனக்கும் அப்பவே அப்படித்தான் தோணுச்சு, ஆனா எல்லாரும் சொல்றப்ப நமக்கு என்ன தெரியும்னு இருந்துட்டேன். நாளைக்கு ஆட்டம் முடிஞ்சதும் அவன் மைக்கை வாங்கி ரெண்டு ஊருக்கும் முன்னால புனிதர் மேல சத்தியம் பண்ணப்போறான். நானும் பக்கத்துல நிக்கப்போறேன். இனிமே அவங்கம்மாவ யாரும் சந்தையில வச்சுத் திட்டக் கூடாதுப்பா."

என் மகன் நல்லவன். அவன் அம்மா இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பாள். ரோடெலின் கால் இல்லையென்றால் வேறென்ன என்று ஊர் கேட்கும். ஜெரிக்கும் கேட்பான். நாய்க்கு என் சோற்றை வைத்துவிட்டு, விடியும்வரை முற்றத்தில் நடந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் வெயில் நன்றாக அடித்தது. நெல் மொறுமொறுவென்று காய்ந்தது. மூன்று மணிக்கு மூட்டை கட்டினேன். இரண்டு முறை கூட்டினேன், ஐயா. அதை எழுதிக்கொள்ளுங்கள். ஆட்டம் தொடங்கும்போது திடலில் ஒரு நெல்கூடக் கிடையாது. ஒரு கைப்பிடி மட்டும் என் காற்சட்டைப் பையில் இருந்தது.

முற்பாதி முழுக்க ஊர் ரோடெலைத் திட்டியது. அவன் பந்தைத் தொட்டாலே, "காலப் பாரு! காலப் பாரு!" என்று கத்தினார்கள். அவன் யார்மீதும் உரசாமல், கைகளை உயர்த்தி உயர்த்திக் காட்டிக்கொண்டே ஆடினான். பயந்துபோய் ஆடுகிறவன் அப்படித்தான் ஆடுவான். டிக்போய் என் காதில், "நடிக்கிறான் பாருண்ணே, ரெண்டாவது பாதில காட்டுவான்" என்றான்.

இடைவேளையில் திடலில் புழுதி படிந்திருக்கும். நெல் போட்டவரே அதையும் கூட்டிவிடுவது வழக்கம். நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன். முரசு அடித்துக்கொண்டிருந்தது. மைக்கில் ஒருவன் பரிசுச்சீட்டு எண்களை வாசித்துக்கொண்டிருந்தான். பிற்பாதியில் அணிகள் பக்கம் மாறும். துஹாட்டுக்குத் திடலோரத்துச் சிற்றாலயப் பக்கத்துக் கூடை வரும். ரோடெல் எப்போதும் இடது மூலையிலிருந்துதான் எறிவான். அந்த மூலைக்குப் பின்னால் ஆலயத்தின் சிமெண்ட் படிகள் இருக்கின்றன. இரண்டு ஊரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த மூலையைக் கூட்டினேன். பின்பக்கமாக நடந்து, கூட்டிய இடத்தில் பையிலிருந்ததை விட்டேன். வயலில் விதைக்கிறவனுக்குக் கை தானாகவே பழகியிருக்கும். நெருக்கமாகவும் விழவில்லை, கலைந்தும் விழவில்லை.

ரோடெலை மறிக்கப்போவது பெர்டிங்கின் சின்ன மகன். அவனும் அதே இடத்தில்தான் குதித்து இறங்க வேண்டும். அதை நினைத்துப் பார்த்தேன். பிறகு நினைக்காமல் விட்டேன்.

ரோடெலுக்குப் பந்து வந்தது. ஓடிவந்து நின்று குதிக்கப் போனான். இரண்டு பாதமும் ஒரே நேரத்தில் முன்னால் போய்விட்டன. பின்மண்டை முதல் படியில் பட்டது. பெர்டிங்கின் மகன் எட்ட நின்றதால் தப்பினான்.

இந்த இடத்தில் ஒன்றை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அவன் விழுந்ததும் யாரும் பதறவில்லை. யாரும் தள்ளாமலே விழுந்து எதிரணிமேல் பழி போடுவதும் ஒரு கள்ளாட்டம்தான். அதனால் ஊர் சிரித்தது. "எந்திரிடா நடிகா" என்று கத்தினார்கள். நடுவரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவன் எழட்டும் என்று நின்றார். முதலில் கத்தியது யார் என்று கேட்டீர்கள். நான்தான். சோலிங் அக்கா அடுப்பைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவன் தலையைத் தூக்கினாள். அவள் கையைப் பார்த்த பிறகுதான் முரசு நின்றது.

அவனை டிக்போயின் ஆட்டோவில்தான் ஏற்றினார்கள். எல்லாரும் அதன் பின்னால் ஓடியபோது நான் துடைப்பத்துடன் மூலைக்குப் போனேன். எனக்கு முன்பே ஜெரிக் அங்கே நின்றான். சிரமப்பட்டுக் குனிந்து, தரையிலிருந்து கொஞ்சம் நெல்லைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். அவன் காலை இழுத்துக்கொண்டு போனதும், மிச்சத்தைக் கூட்டினேன். இரண்டு முறை.

உங்கள் மேசையில் தாளில் மடித்து வைத்திருப்பது அந்த நெல்தான். என் வயல் நெல்தான். மறுக்கவில்லை. ரோடெல் ஞாயிற்றுக்கிழமை செத்துவிட்டான் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் மகன் அவன் பிணத்தருகே இரவு விழித்திருக்கப் போயிருக்கிறான் என்றும் சொன்னீர்கள். துஹாட்காரர்கள் அவனுக்கு நாற்காலி போட்டுக் கஞ்சி கொடுத்தார்களாம். கொடுக்கட்டும்.

அந்த இடத்தில் ஒரு கைப்பிடி நெல் இருந்தால் ஆள் விழுவான் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்கள். அரை மணி நேரமாக நீங்கள் இதைத்தான் கேட்கிறீர்கள், நான்தான் வேறெதையோ பேசிக்கொண்டிருக்கிறேன்.

போன வருடம் ஆட்டத்தன்று திடலில் காய்ந்ததும் என் நெல்தான், ஐயா. முறைப்படி வந்த நாள். மகன் ஆடுகிறான், பயிற்சியாளர் வந்துவிட்டார், முரசு தொடங்கிவிட்டது, டிக்போய் முன்வரிசையில் எனக்கு இடம் பிடித்து வைத்துக்கொண்டு கூப்பிடுகிறான். ஒரு முறைதான் கூட்டினேன். ஜெரிக்கை எலும்பு வைத்தியரிடம் கொண்டுபோகும்போது வண்டியில் அவன் ஷூவைக் கழற்றினேன். அடிப்பகுதியின் வரிகளில் மூன்று நெல்மணிகள் செருகியிருந்தன. அவன் வலியில் கண்ணை மூடியிருந்தான். நெல் காய்ந்துவிட்டதா என்று கடித்துப் பார்ப்போமே, அதுபோல வாயில் போட்டுக் கடித்தேன். நன்றாகக் காய்ந்திருந்தது. அப்படியே விழுங்கிவிட்டேன்.

"என்னண்ணே ஆச்சு?" என்று வண்டி ஓட்டிக்கொண்டிருந்த டிக்போய் கேட்டான். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. "ரோடெல் காலை நீட்டிவிட்டான்" என்றேன்.

அந்தப் பையனைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. என்ன இருந்தாலும் அவன் கள்ளாட்டக்காரன்தான். என் பேச்சை நம்ப வேண்டாம். காமியாஸில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஒரு வருடமாக ஊரே சொல்கிறது. அத்தனை பேரும் பொய் சொல்வார்களா?